மிதப்பவள் பேசக் கூடாது

கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கணவர் எத்தனையோ முறை இரண்டாக அறுத்திருக்கிறார். கூடையில் அடைத்துக் கத்தியால் குத்தியிருக்கிறார். பெட்டியோடு கொளுத்தியிருக்கிறார். ஒரே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி, ஆளே இல்லாமல் ஆக்கியிருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு அந்தத் தம்பதிக்குள் சொல்லும்படியாக மனஸ்தாபம் எதுவும் கிடையாது. மனஸ்தாபம் வந்தது, அவர் அறுப்பதை நிறுத்தியபோதுதான்.

கணவர் மேஜிக் நிபுணர். எல்லோரும் அவரை புரொபசர் என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்காமலே புரொபசர் ஆகக்கூடிய தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அவளுக்கு மேடைப் பெயர் மிஸ் மின்னல். இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் மீசையை மழிக்கத் தொடங்கிய பிறகும் மிஸ்தான். வீட்டிலும் தெருவிலும் வெறும் மின்னல். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

மேஜிக்கில் வேலை செய்கிறவர் பெட்டிக்கு வெளியே நின்று கையை ஆட்டுகிறவர்தான் என்று சபை நினைக்கிறது. உள்ளே முட்டியைத் தாடையோடு ஒட்டவைத்து, கத்தி வரும் பக்கத்துக்கு ஏற்ப இடுப்பை வளைத்து, மூச்சை விழுங்கிக்கொண்டு கிடப்பவளுக்கு உதவியாளர் என்று பெயர். யார் யாருக்கு உதவி என்று மின்னல் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. பேசக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. சிரிக்கலாம், கையை விரித்துக் காட்டலாம், அவ்வளவுதான். மிதக்கும் ஆட்டத்தில் அதுவும் இல்லை. கண்ணை மூடி, கட்டைபோல் கிடக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவள் வாயைத் திறந்தால் மயக்கம் பொய்யாகிவிடும். மயக்கமே பொய்தான் என்பது வேறு விஷயம்.

வருஷங்கள் போயின. பெட்டிகள் அப்படியே இருந்தன, அவள் அப்படியே இருக்கவில்லை. முதலில் கூடை சிறுத்தது. பிறகு அறுக்கும் பெட்டி முரண்டு பிடித்தது. புரொபசர் அதை ஒருமுறை அகலப்படுத்தினார், மறுமுறையும் அகலப்படுத்தினார். மூன்றாம் முறை, இன்னும் அகலமானால் சபைக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார். பெட்டியை விடுவதா, மனைவியை விடுவதா என்ற நிலை வந்தபோது, அவர் கலைஞராகவே முடிவெடுத்தார்.

முடிவைச் சொல்ல வந்தது அவருடைய தம்பி. குழுவுக்கு அவன்தான் மேனேஜர். வண்டி பிடிப்பது, மண்டபம் பேசுவது, திரைக்குப் பின்னால் கைப்பிடி சுற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. மேடைன்னா அதுக்குன்னு ஒரு கண்ணு இருக்கு."

"யார் கண்ணு? உங்க அண்ணன் கண்ணா, உன் கண்ணா?"

"ஜனங்க கண்ணு."

மின்னல் கணவர் பக்கம் திரும்பினாள். புரொபசர் ஒரு புறாவின் காலைத் தூக்கிப் பிடித்து, அதற்குத் தீராத நோய் ஏதோ வந்துவிட்டதுபோல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது... உனக்கும் ரெஸ்ட் வேணுமில்ல?"

"மேடையில நான் செஞ்சதே படுத்துக் கிடக்கறதுதான். அதுக்கு மேல என்ன ரெஸ்ட்?"

புறாவுக்கு இன்னொரு காலும் இருந்ததால் புரொபசர் அதை ஆராயப் போய்விட்டார்.

நடனப் பள்ளியிலிருந்து ஓர் ஒல்லிப் பெண் வந்தாள். போர்டைத் திரும்ப எழுத வேண்டாமே என்று மேனேஜர் அவளுக்கும் மிஸ் மின்னல் என்ற பெயரையே வைத்துவிட்டான். ஆக, ஒரு மாலையில் பழைய மின்னலின் இடமும் போயிற்று, பெயரும் போயிற்று. நாம் மட்டும் அவளைப் பழைய பெயரிலேயே அழைப்போம். பல வருஷங்களாகத் தையலைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிய ஜிகினா உடையை மின்னலே உட்கார்ந்து சிறிதாக்கினாள்.

"அக்கா, வெட்டின துணியில எனக்கு ஒரு கைப்பை தைச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டது அந்தப் பெண்.

கேட்டதில் விஷமம் துளியும் இல்லை. அதனால் கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று. மின்னல் பையைத் தைத்தே கொடுத்தாள்.

புதிய மிஸ் மின்னலின் முதல் ஆட்டம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. பழைய மின்னலுக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. கூட்டம் உள்ளே போனதும் கடைசி வரிசையில் ஓர் ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாழ்நாளெல்லாம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்தவள், அதை முன்னாலிருந்து பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை கொஞ்சம் இருந்தது, இல்லாமல் எப்படி? ஆனால் எரிச்சல் அதனால் அல்ல. புரொபசர் கையை வீசும் வேகத்தில் சபைக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை. அதிசயம் நடப்பதற்கு முன்பே கைதட்டல் கேட்பவர்போல நிமிர்ந்தார். ஒல்லிப் பெண் குறையே சொல்ல முடியாதபடி அழகாக எழும்பினாள், கம்பி எதுவும் இல்லை என்று காட்டும் வளையம் அவளைச் சுற்றிப் போய் வந்தது, ஜனங்கள் கை தட்டினார்கள். பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தால் தட்டுவார்களே, அப்படி.

பக்கத்து நாற்காலிக்காரர் தன் மனைவியின் காதில் சொன்னார். "இதுல என்ன இருக்கு? ஃபேனை வேகமா வச்சா அந்தப் பொண்ணு தானா பறக்கும்."

"சும்மா இருங்க."

"நீ மிதந்து காட்டு, நான் ஒத்துக்கறேன்."

மனைவி அவரை நறுக்கென்று கிள்ளினாள். அந்த அம்மாளும் ஏறக்குறைய மின்னலின் பருமன்தான். அவர் துள்ளியதை மின்னல் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மிதக்கற ஆட்டத்துல நான் மிதக்கறேன்."

மேனேஜருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "அண்ணி, மிதக்கறதுன்னா ஒரு இது வேணும்ல. லேசா, பஞ்சு மாதிரி..."

"பஞ்சு மிதக்கறதுல என்னப்பா அதிசயம்? இரும்பு பீரோ மிதந்தாத்தான் ஜனங்க வாயைப் பிளப்பாங்க. நான்தான் பீரோ."

"சிரிப்பாங்களே" என்றார் புரொபசர்.

"சிரிக்கட்டும். சிரிக்கத் திறந்த வாயை மூடவிடாமப் பண்றதுதானே உங்க தொழில்?"

பதில் தெரியாத ஆண்கள் இரும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். "நான் வேண்டாம்னு சொல்லல. மெஷின் தாங்காது. அது நம்ம கையில இல்ல பாரு" என்றார் புரொபசர், மெஷினுக்காக மிகவும் வருந்துகிறவர்போல.

மெஷின் என்பது திரைக்குப் பின்னால் நிற்கும் ஓர் இரும்புக் கம்பம், அதில் ஒரு கைப்பிடி. மீதியைச் சொல்லக் கூடாது என்றில்லை. சொன்னால் சப்பென்று போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணனும் தம்பியும் வெளியூர் மண்டபம் ஒன்றைப் பார்க்கப் போன நாளில், மின்னல் மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளி இருந்த வெல்டர் பட்டறைக்குக் கொண்டுபோனாள். வெல்டர் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரும்பைத் தேய்க்கும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"எவ்வளவு எடை தூக்கணும்?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"என்ன?"

"தொண்ணூத்தி ரெண்டு கிலோ!" என்று கத்தினாள். அவள் கத்தவும் இரைச்சல் நிற்கவும் சரியாக இருந்தது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். இன்னொருத்தியாக இருந்தால் தரை பிளக்காதா என்று பார்த்திருப்பாள். மின்னல் பட்டறையை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "அதுவும் காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி" என்று சேர்த்துக்கொண்டாள்.

"சரக்கு என்னக்கா?"

"நான்தான்."

வெல்டர் சிரிக்கலாமா என்று யோசித்து, கை நிறைய வேலை இருப்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார். தடித்த கம்பி மாற்றினார், ஒரு பல்சக்கரம் கூடுதலாகப் பொருத்தினார். "இனிமே ஒரே கையால சுத்தலாம். ஆனா மெதுவாத்தான் ஏறும், முன்னைவிட நிறையச் சுத்தணும்" என்று சொல்லி அனுப்பினார்.

மெஷினின் வாயும் அடைபட்டதால் ஆண்களுக்குச் சாக்கு தீர்ந்துபோயிற்று. மேனேஜர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தான்.

"ஒரே ஒரு தடவைதான் அண்ணி. அடுத்த வாரம் மில் தொழிலாளிங்க ஆண்டு விழா. அங்க எடுபடலைன்னா, அப்புறம் வாசல்ல டிக்கெட் கிழிக்கறதோட சரி. மேடைன்ற பேச்சே வரக் கூடாது."

"சரி."

"அழக் கூடாது."

"கத்திக்குத்து வாங்கினப்பவே நான் அழலடா."

ஒத்திகை வீட்டுச் சாமான் அறையில் நடந்தது. அங்கே தலைக்கு மேலே பரண். இடுப்பு உயரத்துக்கு மேல் போனால் மூக்கு இடிக்கும். ஆகவே இடுப்பு உயரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒல்லிப் பெண்ணுக்குச் சுற்றும் அதே கணக்கைத்தான் மேனேஜர் சுற்றினான், சரியாகப் பரணுக்குக் கீழே வந்து நின்றது. "பார்த்தீங்களா, என் கை கணக்கு எப்பவும் தப்பாது" என்று பெருமைப்பட்டுக்கொண்டான். பழைய கணக்குக்கு முன்பெல்லாம் ஆள் மார்பு உயரத்துக்குப் போவாள், இப்போது பாதிதான் வந்திருக்கிறாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நிறையச் சுற்ற வேண்டும் என்று வெல்டர் சொன்னதை மின்னல் சொல்லத்தான் செய்தாள். "எனக்கே கைப்பிடி சுத்தச் சொல்லித் தர்றீங்களா?" என்று அவன் அதைத் தட்டிவிட்டான்.

ஆண்டு விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜன்னல் கட்டைகளிலும் ஆட்கள். ஒப்பனை அறையில் மின்னலைப் பார்த்த புரொபசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைத்தெருவுக்குப் போகும்போது உடுத்துவதைத்தான் உடுத்தியிருந்தாள். ஒரு ஜிகினா இல்லை.

"இப்படியேவா வரப் போற?"

"மினுமினுன்னு வந்தா எங்கேயோ கம்பி இருக்குன்னு தேடுவாங்க. வீட்டுப் பொம்பளை வந்தா எதைத் தேடுவாங்க?"

அவள் மேடைக்கு வந்ததும் பாதி மண்டபம் சிரித்தது, மீதிப் பாதி விசிலடித்தது. "மேடை உடையப் போகுது, தள்ளி உட்காருங்கப்பா!" என்று ஒரு குரல். புரொபசர் பேச ஆரம்பிக்க வாயெடுத்தார். மின்னல் லேசாகக் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, சும்மா நின்றாள். சிரிப்புக்கும் களைப்பு உண்டு என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது ஓடி ஓடி, தானாக ஓய்ந்து, அடுத்து என்ன என்று ஏங்கும்வரை நின்றாள்.

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சொல்லிவைத்தபடியே, முன்வரிசையிலிருந்து மூட்டை தூக்கும் ஆட்கள் இருவரை புரொபசர் அழைத்து, அம்மாவை நாற்காலியோடு தூக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் மில்லிலேயே பேர் போன பலசாலிகளாம். பெட்டிக்குள் உடம்பை வளைத்துப் பழகியவள் பாரத்தையெல்லாம் ஒரே பக்கம் சாய்த்துக்கொள்ள, இருவரும் பல்லைக் கடித்தார்கள். நாற்காலியின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தது.

"அக்கா, கீழ ஆணி கீணி அடிச்சிருக்கா?" என்று ஒருவன் குனிந்து பார்த்தான். மண்டபம் ஓவென்றது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். இப்போது அவள் எடைக்கு ஊரே சாட்சி.

பலகையில் படுத்தாள், கண்ணை மூடினாள். புரொபசர் கையை அசைத்தார். பலகை எடுக்கப்பட்டது. அவள் மெல்ல மேலே வந்தாள். முன்பெல்லாம் விருட்டென்று ஏறும் மெஷின், புதுப் பல்சக்கரத்தால் பகல் வெளிச்சம் ஏறுவதுபோல் ஏறியது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது.

திரைக்குப் பின்னால் மேனேஜர் தன் கணக்கைச் சரியாகச் சுற்றி முடித்து, கைப்பிடியைப் பூட்டிவிட்டு, தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து மேடை தெரியாது. முன்னால் புரொபசர் வளையத்தை வைத்துக்கொண்டு விழித்தார். அந்த உயரத்தில் வளையம் சுற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். குதிகாலால் தரையைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் அசையவில்லை. பயத்தில் மனம் வெறுமையாகிவிட்ட மனிதன் மனப்பாடத்தைத்தான் பிடித்துக்கொள்வான். அவரும் பிடித்துக்கொண்டார்.

"பூவினும் மெல்லிய இந்தப் பூங்கொடி..."

மண்டபம் வெடித்தது. "பூவாம்டா!" "பூந்தொட்டியோட சேர்த்தா?" பெஞ்சுகளைத் தட்டினார்கள்.

கண்ணை மூடியபடியே மின்னலுக்கு எல்லாம் புரிந்தது. மேலே விளக்கின் சூடு முகத்தில் படவில்லை, அப்படியென்றால் பாதியில் நிற்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் தொழில் விதிக்கு ஒரு குறையும் வராது. நாளையிலிருந்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கலாம், சாகும்வரை.

கண்ணைத் திறந்தாள்.

"யாருங்க பூ?"

பெஞ்சைத் தட்டிய கைகள் நின்றன. அந்தரத்தில் கிடக்கும் ஒரு பெண் சாவகாசமாகத் தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தாள்.

"இவரு இருபது வருஷமா இதே வசனம்தான் சொல்றாரு. நான் எவ்வளவோ மாறிட்டேன், வசனம் மாறல."

பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லாப் பக்கமும். ஆனால் சிரிப்பின் திசை மாறிவிட்டிருந்தது. புரொபசர் அதை உணர்ந்து இன்னும் வியர்த்தார்.

"இந்த உயரம் போதுமா உங்களுக்கு?"

"போதாது!"

"எனக்கும் போதாது. ஆனா இவருக்கு வயசாச்சு, இவரு மந்திரத்துக்குப் பாதிதான் ஏறுது. மீதியை நீங்கதான் ஏத்தணும். எல்லாரும் சேர்ந்து மேலன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"மேல!"

"இதுக்கா மில்லுல சம்பளம் குடுக்கறாங்க? சத்தமா!"

"மேலே!"

சத்தத்தில் திரையே ஆடியது. பின்னால் மேனேஜருக்கு முதல் கூச்சல் கலவரமாகக் கேட்டது, இரண்டாவது காதில் தெளிவாக விழுந்தது. கோப்பையைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு எழுந்து கைப்பிடியில் பாய்ந்தான். மேலே என்று ஜனங்கள் கத்தினார்கள், அவள் மேலே போனாள். மூச்சுவாங்க அவர்கள் நிறுத்தினால் அவளும் நின்றாள். கத்தினால் ஏறினாள். தாங்கள்தான் தூக்குகிறோம் என்று அத்தனை பேருக்கும் தோன்றிவிட்டது. நாற்காலியைத் தூக்க முடியாமல் போனவன் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். பழைய கடனை இப்போதாவது தீர்த்துவிடும் வெறி அவனுக்கு.

மார்பு உயரம் வந்ததும் புரொபசருக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் தொழில்காரர். வளையத்தை அழகாகச் சுற்றினார். அவள் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் கெஞ்சினார்.

"கண்ணை மூடு."

"மாட்டேன்."

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. அவள் விழித்த கண்ணோடு முழுவதையும் பார்த்தாள்.

ஒப்பனை அறையில் மேனேஜர், ஈரச் சட்டையோடு, அப்போதும் விடவில்லை. "அண்ணி, தட்டினாங்க, இல்லைங்கல. ஆனா மயக்கத்துல இருக்கறவ பேசினா அது மேஜிக்கா? உலகத்துல எங்கேயாவது உண்டா?"

"மயங்கிக் கிடக்கறவ மிதந்தா, அவளை வேற யாரோ தூக்கறாங்கன்னு அர்த்தம். முழிச்சிருந்து மிதந்தாத்தான் நான் மிதக்கறேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார் புரொபசர், மெல்ல.

"என்னை நிறுத்தினப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? தம்பியை விட்டுத்தானே சொல்லச் சொன்னீங்க?"

அறையில் புறா இல்லாததால் புரொபசர் அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. "அந்த மேலன்னு கத்த வச்ச பாரு... நல்லா இருந்துச்சு" என்றார். மன்னிப்புக் கேட்டே பழக்கமில்லாத ஒருவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மின்னல் எதிர்பார்க்கவும் இல்லை. தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒல்லிப் பெண்ணை அறுக்கிறார்கள், குத்துகிறார்கள். அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கடைசி ஆட்டம் மின்னலுடையது. அன்று பேசியதையே எழுதி வைத்துக்கொண்டு எல்லா ஊரிலும் பேசினால் என்ன என்று மேனேஜர் யோசனை சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். ஒவ்வோர் ஊரிலும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள். என்ன பேசப் போகிறாளோ என்று கீழே புரொபசர் நிற்கும் நிற்பில் ஒரு நிஜமான திகில் இருக்கிறது. அவர் நடிப்பு முன்னைவிடத் தேறிவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஏறுவது சபையின் கையில். இறங்குவது அவள் கையில். அவள் அடியில் மறைந்திருக்கும் இரும்பைக் குதிகாலால் தட்டிச் சொல்லும்வரை கைப்பிடியைத் தொடக் கூடாது என்று மேனேஜருக்கு உத்தரவு. புரொபசர் மந்திரம் சொல்லி, கையைத் தாழ்த்தி, தலை வணங்கி முடித்த பிறகும், சில ஊர்களில் அவள் இறங்குவதில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று யாராவது எழுந்து வாசலைப் பார்த்து நடந்தால், அங்கிருந்தே கேட்பாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? நான் இன்னும் மேலதானே இருக்கேன்?"

கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.